மேட்டு லயத்தில் நான்கு மாதம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உறை தடிப்பாக இருந்ததால் உள்ளே போட்டோ இருக்கும் என்று நினைத்து உன் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போட்டோ இல்லை, மூன்று பக்கம் எழுத்துதான். நீ மூன்று பக்கம் எழுதி நான் பார்த்ததே கிடையாது. ‘நான் ஒரு பென்சில்’ என்று பள்ளியில் கட்டுரை கேட்டபோது நாலே வரியில் அந்தப் பென்சிலைச் சீவி முடித்தவன் நீ. ஆகவே விஷயம் பெரியது என்று தெரிந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதில் எழுத எனக்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருடம், தானா ராத்தா டவுன் பள்ளியில் ஒன்றரை வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. அந்த அரை வருடத்தில்தான் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் பாதியில் இருக்கும்போதே நான் வேலைக்குப் போய்விட்டேன். அதனால் எனக்குக் கடிதத்தைத் தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. நீண்டுபோனால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். நம் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் வேலை காலியாகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறாய். (யாரோ சொல்லவில்லை, போன கடிதத்தில் நான்தான் கை சும்மா இருக்காமல் எழுதினேன்.) துரையிடம் நான் ஒரு வார்த்தை சொல்லி அந்த வேலையை உனக்குப் பிடித்துத் தர வேண்டும். மாதக் கடைசியில் நீ பினாங்குக் கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகளையும் அழைத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுவாய். இவ்வளவுதானே? ஆனால் மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் மூடுபனிதான் இருக்கிறது. கம்பெனியில் உன்னை சூப்பர்வைசர் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள் என்பது கடைசிப் பக்கத்தில் ஒரே வரி. அதற்குச் சற்று மேலே, புது மேனேஜர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார் என்பது அரை வரி.

‘அப்பா, மேட்டு லயத்தில் நாம் மூன்று பேர் மட்டும் இருந்தோமே, அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். என் பிள்ளைக்கும் அப்படி ஒரு காலம் கிடைக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தாய். இந்த இடம் வந்ததும் உன் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கையில் இருந்த தேத்தண்ணி சேலையில் கொட்டும்வரை சிரித்தாள். அப்புறம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“அவனுக்குத் தெரியாம பாத்துக்கிட்டேன்ல, அதான்” என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உனக்குத் தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டது என்ன என்பதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். இதில் திட்டு வாங்க வேண்டியவன் நான் ஒருத்தன் மட்டும். ஆகையால் நீ சௌகரியமாக உட்கார்ந்து படிக்கலாம்.

நீ பிறந்தது மேட்டு லயத்தில் ஏழாம் நம்பர் வீட்டில். பன்னிரண்டு வீடும் ஒரே கூரைக்குக் கீழே, ரயில் பெட்டி மாதிரி. பலகைச் சுவர், தகரக் கூரை, எல்லாருக்குமாக வாசலில் ஒரே ஒரு பைப்பு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகை கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாம் திறந்த வெளிதான். முதல் வீட்டுப் பிள்ளை தும்மினால் பன்னிரண்டாம் வீட்டிலிருந்து ‘நூறு’ என்பார்கள். அந்தத் திறந்த வெளிதான் எனக்கு மேடை. சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன் என்றால், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கு எழுதும் கிராணி எப்படி வழுக்கி விழுந்தார், துரையின் நாய் யார் வீட்டுக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது என்று கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன். வரிசையாகச் சிரிப்புக் கேட்கும். ஆறாம் நம்பரில் இருந்த வேலாயுதம் அண்ணன் நடுப்பலகையை டொக் டொக்கென்று தட்டுவார். அதை நான் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுபத்தொன்றில், உனக்கு ஏழு வயது நடக்கும்போது, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கீழே புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது நாங்கள் இருக்கிறோமே, இதே வீடுதான். கல் சுவர், வீட்டுக்கு வீடு பைப்பு, பட்டனைத் தட்டினால் விளக்கு. இரண்டு லோரியில் ஒரே நாளில் பன்னிரண்டு குடும்பமும் இறங்கி வந்தோம். உன் அம்மா பைப்பைத் திறப்பதும் மூடுவதுமாக அரை மணி நேரம் நின்றாள். எனக்கும் ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒரு சாயங்காலம் வழக்கம்போல் ஒரு கதையைச் சத்தமாகச் சொன்னேன். கல் சுவர் அதை அப்படியே எனக்குத் திருப்பிக் கொடுத்தது. கேட்டது உன் அம்மா ஒருத்திதான். அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். அன்றைக்குத்தான் எனக்கு மேட்டு லயத்து ஏக்கம் பிடித்தது. அந்த ஒற்றுமை என்ன, அந்தக் காற்று என்ன, அந்தக் காலம் போல வருமா என்று மூன்று மாதம் போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பினேன். மூன்று மாதத்துக்கு முந்தியதைத்தான் ‘அந்தக் காலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன், தம்பி. அதே மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஒரே பைப்படியில் யார் குடம் முதலில் என்று நடந்த சண்டையில் என் சட்டை கிழிந்ததை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டேன்.

அப்போது மேட்டில் புதிதாகத் தேயிலை நாற்று போட்டிருந்தார்கள். காட்டுப்பன்றி வந்து மிதிக்காமல் இருக்க, பக்கத்தில் யாராவது குடியிருந்தால் நல்லது என்று பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேச்சு வந்தது. நான் கையைத் தூக்கிவிட்டேன். பழைய ஏழாம் நம்பரிலேயே குடும்பத்தோடு போய் இருக்கிறேன் என்றேன். துரைக்குப் புரியவில்லை. புது வீடு ஒழுகுகிறதா என்று கிராணி மூலம் கேட்டார். இல்லை என்றேன். பைப்பில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்டார். வருகிறது என்றேன். பிறகு அவர் கிராணியிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். கிராணி அதை நமக்குத் தகுந்தபடி சுருக்கி, “போறதுன்னா போலாம், ஆனா உன் பொஞ்சாதிகிட்ட கேட்டியான்னு கேக்குறாரு” என்றார். கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துரை என்னைத்தான் நம்பியிருக்கிறார், மறுக்க முடியவில்லை என்று உன் அம்மாவிடம் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். அவள் பைப்பைப் பார்த்தாள். பிறகு பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

நான் திரும்பிப் போன மேட்டு லயம் நான் விட்டு வந்த மேட்டு லயம் இல்லை. பதினோரு வீடு காலி. கதவைக் கழற்றி எடுத்துப் போனவர்கள் பாதிப் பேர். எனக்குப் பிடித்துப் போயிருந்தது அந்த ஆட்களை. நான் போய்ச் சேர்ந்ததோ அந்தப் பலகைகளிடம். முதல் வாரத்தில் ஒரு நாள், பழக்க தோஷம், கூரையைப் பார்த்து ஒரு கதையைச் சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டாம் வீட்டிலிருந்து ஒரு வௌவால் பறந்து போனது. நீ கைகொட்டிச் சிரித்தாய். என் வாழ்நாளில் அவ்வளவு சின்னக் கூட்டத்துக்கு நான் கதை சொன்னதில்லை.

இனி உன் கடிதத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். தினமும் விடியற்காலையில் அம்மாவும் நீயும் ஓடைக்கு ஓட்டப்பந்தயம் வைத்தீர்கள், தினமும் நீதான் ஜெயித்தாய் என்று எழுதியிருக்கிறாய். லயத்துப் பைப்பின் குழாயைப் பிடுங்கிக் கீழே புது வீடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தம்பி. தண்ணீர் வேண்டுமென்றால் ஓடைக்குத்தான் இறங்க வேண்டும். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளியோடு ஏறி வருகிறவள் உன்னிடம் தோற்காமல் என்ன செய்வாள்? அப்படி நாலு நடை நடந்துவிட்டு, பெரட்டுக்கு இறங்கி, நாள் முழுக்கக் கூடை சுமந்து கொழுந்து பறித்துவிட்டு, மறுபடி மேட்டுக்கு ஏறி வருவாள். அப்பா கம்பளியை வைத்துக் கூடாரம் கட்டித் தருவார், அதற்குள் மூவரும் படுத்திருப்போம் என்று எழுதியிருக்கிறாய். கூரை ஒழுகியது. ஆட்கள் கழற்றிக்கொண்டு போன தகரத்தில் நம் வீட்டுக்கு மேலே இருந்ததும் ஒன்று. சாயங்காலம் எல்லாம் சுட்ட வள்ளிக்கிழங்குதான், இப்போது நினைத்தாலும் நாக்கில் நிற்கிறது என்கிறாய். விறகு நனைந்து சோறு பொங்க முடியாத நாட்கள் அவை. இருந்த கொஞ்ச நெருப்பில் கிழங்குதான் வெந்தது. மூடுபனி வீட்டுக்குள் வந்தது உண்மைதான். அதைத் தடுக்க அங்கே ஒழுங்கான கதவில்லை.

தீபாவளிக்குப் பழைய ஆட்கள் எல்லாரையும் மேலே கூப்பிட்டேன். அந்தக் காலம் மாதிரி பன்னிரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பெரட்டில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொன்னேன். எல்லாரும் வருகிறோம் என்றார்கள். உன் அம்மா நனைந்த விறகோடு மல்லுக்கட்டி முப்பது பேருக்கு இட்லி அவித்தாள். காலையிலிருந்தே மழை. மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. அப்புறம் வேலாயுதம் அண்ணன் மட்டும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளுக்கு மேலாக ஆறாம் நம்பர் வீட்டைப் பார்த்தார். கோழிக்கூண்டு அடிக்க இரண்டு பலகை தேவைப்பட்டதாம், அதற்கு வந்திருக்கிறார். இருந்தாலும் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார். நான் விடாமல், அண்ணே, அந்த நாளையெல்லாம் நினைத்தால் உங்களுக்கு ஏக்கமாக இல்லையா, சாயங்காலமானால் என் கதைக்குப் பலகையைத் தட்டுவீர்களே என்று கேட்டேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அது வாய மூடுன்னு தட்டுனதுப்பா. கீழ போனதுக்கப்புறந்தான் உங்கக்கா நிம்மதியா தூங்குறா.”

உன் அம்மா திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன். அதற்கு மேல் மனுஷன் இறங்கி வந்திருக்க வேண்டாமா? நான் வரவில்லை. வீம்பு. ஊரே சிரிக்கும், தை பிறக்கும் வரைக்குமாவது தாக்குப் பிடிப்போம் என்று இருந்துவிட்டேன். ஏக்கத்தில் ஏறிப் போனவன், வெட்கத்தில் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

டிசம்பர் மழை உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு நினைவில் இருப்பது ஆஸ்பத்திரிதான். ஜன்னல் ஓரக் கட்டில், நர்ஸ் மிஸ்ஸி பிஸ்கட் கொடுத்தார்கள், அப்பா தினமும் வந்து கதை சொன்னார் என்று அதையும் இனிப்பாகவே எழுதியிருக்கிறாய். நடந்தது இது. மூன்று நாள் இருமினாய். நான் கஷாயம் போதும் என்றேன். நாலாம் நாள் மத்தியானம் உன் அம்மா கொழுந்து மலையிலிருந்து பாதி வேலையில் வந்தாள். ஏதோ மனசு சரியில்லை என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் உனக்கு மூச்சு இழுக்கிறது, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது, உதடு நீலமாக இருக்கிறது. தொழிற்சாலைக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். நான் மேட்டுக்கு ஓடிப்போய் உன்னை முதுகில் கட்டிக்கொண்டு அந்த மழையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினேன். இரண்டு இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கிராணி விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தவன் நான். அன்றைக்கு நான் விழுந்ததைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. கொழுந்து லோரியில் இருந்த மூட்டைகளை அப்படியே மழையில் இறக்கிப் போட்டுவிட்டு, டிரைவர் நம்மைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். வழியெல்லாம் நீ மூச்சு விடுகிறாயா என்று உன் அம்மா உன் மூக்கில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் விரலை எடுத்துவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது நாள் இருந்தாய். நல்ல டாக்டர், நல்ல மிஸ்ஸிமார், உன்னைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நீ எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்ட அன்றைக்குத்தான், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த உன் அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. உன் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

“பழசு பழசுன்னு நீங்க ஒருத்தரு நெனச்சீங்க. நனைஞ்சது மூணு பேருங்க.”

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்த வீட்டுக்குத்தான் கூட்டிவந்தோம். நான் வார்டில் இருந்த நேரத்தில் அவள் வேலாயுதம் அண்ணனை வைத்துச் சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தாள். என்னைக் கேட்கவில்லை. எனக்கு அதைப் பற்றி வருத்தம் எதுவும் இருந்ததில்லை. நாற்றுகளைக் காட்டுப்பன்றி ஒன்றும் செய்யவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நாம் இறங்கிய பிறகும் ஒன்றும் செய்யவில்லை.

இத்தனையும் எழுதியது, உன் சந்தோஷம் பொய் என்று சொல்வதற்கு இல்லை. ஐந்து நாளாக நான் யோசித்தது அதைத்தான். முதல் நாள், பையனை ஏமாற்றி வளர்த்துவிட்டோமே என்று தோன்றியது. இரண்டாம் நாள், அவன் ஏமாறவில்லையே, அவன் ஜெயித்த ஓட்டம் அவனைப் பொறுத்தவரை ஓட்டம்தானே என்று தோன்றியது. அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கம் படுத்திருக்க, தலைக்கு மேல் கம்பளி, வெளியே மழை. எட்டணா பெறாத அந்த வீட்டில் அது நிஜமாகவே உனக்குக் கிடைத்தது. அதை நீ வைத்துக்கொள், நான் பிடுங்க வரவில்லை. புது மேனேஜர் திட்டிய நாளில் அந்தக் கம்பளிக்குள் ஒரு தடவை போய்ப் படுத்துவிட்டு வா. மனுஷனுக்கு அதுவும் வேண்டியிருக்கிறது. படுத்துவிட்டு எழுந்து வேலைக்குப் போ என்கிறேன், அவ்வளவுதான். அங்கேயே குடித்தனம் வைக்கக் கிளம்பாதே. நான் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன்.

பழசை நினைப்பதில் நல்லதே இல்லை என்று நான் சொன்னால் வேலாயுதம் அண்ணன் கோபித்துக்கொள்வார். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். வந்தவர்கள் எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் போனார்கள். நான் தினமும் சாயங்காலம் போனேன். என்னிடம் இருந்தது ஒரே சரக்குதான், மேட்டு லயம். ஒன்றாம் நம்பரில் யார், இரண்டாம் நம்பரில் யார், யார் வீட்டு ஆடு யார் வீட்டுப் பாவாடையைத் தின்றது என்று ஆரம்பித்தேன். ஒரு நாள் தெரியாமல் ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவர் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார், உதடு துடித்தது. அடடா என்று பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொன்னேன். அவருடைய ஆட்டை என் ஆடு என்றேன், அவர் கல்யாணத்தில் சமையல் கெட்டுப் போனது என்றேன். மனுஷனால் பொறுக்க முடியவில்லை. முதலில் ‘ம்ஹூம்’ வந்தது. அப்புறம் ஒன்றிரண்டு பெயர் வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் அவர் பொண்டாட்டி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது, இடது கையால் என்னைக் காட்டி முதன்முதலாக முழு வாக்கியம் ஒன்று பேசினார்.

“இவன் பொய் சொல்றான்.”

அக்கா அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கும் அப்படித்தான். என் கதைக்கு அவரிடமிருந்து கிடைத்த உண்மையான கைதட்டல் அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து பழசைப் பேசினால், ஒருத்தர் இல்லாவிட்டால் ஒருத்தர் ‘பொய் சொல்கிறான்’ என்று திருத்திவிடுகிறார்கள். அப்படித் திருத்தித் திருத்திப் பேசுவது வீட்டுக்கும் உடம்புக்கும் நல்லது. தனியாக உட்கார்ந்து நினைக்கும்போது திருத்த ஆள் இல்லை. மேட்டு லயத்தைப் பற்றி உன் மருமகள்... பார், எழுத்துக் குளறுகிறது, என் மருமகள்... அவளிடம் நீ என்ன சொன்னாலும் அவள் நம்பத்தான் செய்வாள், பாவம். அவள் பட்டவொர்த் வெயிலில் வளர்ந்த பெண். கல்யாணம் முடிந்து இங்கே வந்திருந்த மூன்று நாளும் இரண்டு ஸ்வெட்டர், காலுறை, குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரொம்ப மரியாதையாக என்னிடம், “மாமா, இங்க வெயிலு எத்தன மணிக்கு வரும்?” என்று கேட்டாள். அவளுக்கு இங்கே வரச் சம்மதமா என்பது உன் மூன்று பக்கத்தில் எங்கேயும் இல்லை. உன் அம்மாவைக் கேட்காமலே கேட்டுவிட்டேன் என்று துரையிடம் சொன்னவனின் பிள்ளை நீ. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்த பங்குனியோடு எனக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் வேலை பார்த்தால் இருந்துகொள்ளலாம். நீ அதை எழுதவில்லை, ஆனால் உன் மனதின் ஒரு மூலையில் அதுவும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனதில் மூலையில் இல்லை, நடுக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதனால்தான் உன் கடிதத்தைப் படித்த மறுநாளே ஆபீஸுக்குப் போய், பிட்டர் வேலைக்கான விண்ணப்பப் பாரம் வாங்கி, என் நல்ல கையெழுத்தில் உன் பெயரை நிரப்பினேன். பிள்ளை பக்கத்தில் இருப்பான், பேரப்பிள்ளை இந்த வாசலில் விளையாடும், நாங்கள் இதே வீட்டில் இருப்போம், எல்லாம் பழையபடி. இரண்டு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சீட்டி அடித்தபடி திரிந்தேன். மூன்றாம் நாள் உன் அம்மா துணி அலசும்போது எடுத்துப் பார்த்தாள். எத்தனை பேரை நனைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பாரத்தை நான் துரையிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வரைக்கும் வேலையை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்று கிராணி சொன்னார். நீயும் மருமகளும் சேர்ந்து படித்து, இரண்டு பேருக்கும் மனமிருந்தால் கையெழுத்துப் போட்டு நீயே ஆபீஸுக்கு அனுப்பு. பிட்டர் வேலை நல்ல வேலைதான், அதற்காக வருவதென்றால் முதல் ஆளாக நான்தான் பஸ் ஸ்டேஷனில் நிற்பேன். எங்கள் வீட்டுக்காக வர வேண்டாம். பிரிஞ்சாங் டவுனில், வேலாயுதம் அண்ணன் மகளின் காய்கறிக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை பார்த்துவிட்டோம். அம்மா போய் பைப்பைத் திறந்து பார்த்து, கூரையை அண்ணாந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டாள். கடைக்குக் கீரை கட்டிக் கொடுத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் வாயடித்துக்கொண்டு இருப்பேன். அங்கே சுவர் மெல்லிசு என்பதைக் கவனித்து வைத்திருக்கிறேன். மூடுபனிக்காக வர வேண்டாம். மேட்டு லயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. நீ தேடுகிற அந்த ஏழு வயதுப் பையனும் அங்கே இல்லை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

பிறக்கப் போகிற பிள்ளைக்கு மூடுபனி கிடைக்கவில்லையே என்று நீ கவலைப்படாதே. எதைக் கொடுத்தால் பிள்ளை எதை வைத்துக்கொள்ளும் என்று பெற்றவர்களுக்குத் தெரிவதே இல்லை. நான் உனக்குக் கல் சுவரும் பைப்பும் விளக்கும் கொடுத்தேன். பதினேழு வருடம் இதே வீட்டில் இருந்தும், நீ எடுத்து வைத்துக்கொண்டது ஒழுகிய நாலு மாதத்தைத்தான். உன் பிள்ளையும் அப்படித்தான் எதையோ எடுத்துக்கொள்ளும். பதினோராம் மாடியில் இருக்கிற உங்கள் பிளாட்டில் லிப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று சலித்துக்கொண்டு எழுதினாயே, இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு கடிதம் வரும் பார். ‘அப்பா, லிப்ட் கெட்டுப் போனால் நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படி எண்ணிக்கொண்டே ஏறுவீர்களே, அதுதான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள்’ என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போது முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதே. மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக, இரண்டு தடவை படி.

இப்படிக்கு,
அப்பா